எச்.ஐ.வி. உறுதியான பிறகு: ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு, மருந்து, செலவு, ஆவணங்கள் பற்றிய வழிகாட்டி

இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக அண்மையில் அறிந்தவர்களுக்காகவும், அவர்களுக்குத் துணையாக ஓடும் உறவினர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் தமிழ்நாட்டின் தென் மாவட்டம் ஒன்றில் அரசு மையத்தில் சிகிச்சை பெற்று வருகிறேன். எந்த வாசலில் முதலில் நிற்க வேண்டும், எந்தக் காகிதத்தை யாரிடம் காட்ட வேண்டும், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கவே கூடாது என்று எடுத்துச் சொல்ல அப்போது எனக்கு எவரும் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு காரியங்களை மட்டும் எப்போதும் மனத்தில் வையுங்கள். முதலாவது, மருந்து ஒரு நாளும் இடைவெளி விழாமல் கிடைக்க வேண்டும். இரண்டாவது, உங்கள் நிலை யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இவ்விரண்டையும் காப்பதற்காகவே.

1. தனியார் ஆய்வக முடிவை நம்பிக்கை மையத்தில் உறுதி செய்யுங்கள்

பலருக்குத் தொற்று தெரியவருவது எதிர்பாராத இடத்தில்தான்: அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை, கர்ப்ப காலப் பரிசோதனை, இரத்த தானம், வெளிநாட்டு வேலைக்கான மருத்துவத் தகுதிச் சோதனை. அங்கே ஒரே ஒரு கருவியால் செய்த சோதனையின் முடிவை இறுதியானதாகக் கொள்ள முடியாது. அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நம்பிக்கை மையம் என்ற பெயரில் ஆலோசனை மற்றும் பரிசோதனை மையம் இயங்குகிறது. அங்கே ஒரே இரத்த மாதிரியை மூன்று வெவ்வேறு வகைக் கருவிகளால் சோதித்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் தொற்று உறுதி என்று எழுதுவார்கள். முடிவுகள் முரண்பட்டால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் மீண்டும் வரச் சொல்வார்கள்.

இந்தச் சோதனைக்குக் கட்டணம் கிடையாது. பெரும்பாலும் அன்றைக்கே முடிவு கிடைத்துவிடும். சோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசகர் உங்களைத் தனியறையில் அமர்த்திப் பேச வேண்டும்; முடிவை உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும். எனக்கு முதலில் சோதனை செய்த தனியார் ஆய்வகத்தில், வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது ஊழியர் என் பெயரைக் கூப்பிட்டு, உறையில் போடாமல் விரித்த காகிதமாக நீட்டினார். சட்டப்படி அவ்வாறு செய்ய எவருக்கும் உரிமை இல்லை. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் படியில் அதற்குப் பயன் உண்டு.

நம்பிக்கை மையம் தரும் அறிக்கையில் பி.ஐ.டி. எண் என்று ஓர் அடையாள எண் இருக்கும். அடுத்த மையத்தில் பதிவு செய்ய இந்த அறிக்கைதான் அடிப்படை. இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடையில் எடுக்காதீர்கள். அருகில் எந்த மையம் இருக்கிறது என்பது தெரியாவிட்டால் 1097 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். அழைப்பு இலவசம், தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

2. பதிவுக்குச் செல்லும்முன் ஆவணங்களை எடுத்து வையுங்கள்

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துக்குத்தான் ஏ.ஆர்.டி. என்று பெயர்; அதைக் கொடுப்பது ஏ.ஆர்.டி. மையம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இது இருக்கும். சென்னைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் உண்டு. நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் பரிந்துரைச் சீட்டு எழுதித் தருவார். அதனுடன் உறுதி செய்யப்பட்ட பரிசோதனை அறிக்கை, ஆதார் அல்லது குடும்ப அட்டை போன்ற முகவரிச் சான்றின் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், எட்டும் தொலைபேசி எண் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முன்பு காசநோய், மஞ்சள் காமாலை, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்றிருந்தால் அந்தச் சீட்டுகளையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆதாரில் ஓர் ஊரும் இருப்பு வேறு ஊருமாக இருக்கிறதே என்று தயங்கிப் பதிவைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. வேண்டாம். முகவரிச் சான்றில் சிக்கல் இருந்தால் அதை மையத்தின் ஆலோசகரிடமே சொல்லுங்கள். மாற்றுச் சான்று எது ஏற்கப்படும் என்பதை அவர் சொல்வார். வாசலில் இருக்கும் ஊழியர் சொல்வதைக் கேட்டுத் திரும்பிவிடாமல், ஆலோசகரையோ மருத்துவ அலுவலரையோ நேரில் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

தொலைபேசி எண்ணில் ஒரு கவனம் தேவை. நீங்கள் மருந்து வாங்க வராத நாளில் மையத்திலிருந்து அழைப்பார்கள். வீட்டில் பிள்ளைகள் எடுத்துப் பேசும் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம். உங்கள் கையிலேயே இருக்கும் எண்ணைக் கொடுங்கள். எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதையும், வீட்டுக்கு ஆள் வரலாமா கூடாதா என்பதையும் முதல் நாளே சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள்.

3. ஏ.ஆர்.டி. மையத்தில் முதல் நாள்

புறநோயாளிப் பிரிவைப் போலவே காலையிலேயே கூட்டம் சேரும். எட்டரை மணிக்கு முன்பே போய்விடுங்கள். மதியச் சாப்பாடும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். முதல் நாள் என்றால் ஒரு முழுநாள் போகும் என்று வைத்துக்கொண்டு விடுப்பு எடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களும் மையம் இயங்காது.

பதிவு முடிந்ததும் உங்களுக்கென ஓர் எண்ணும், கையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு புத்தகமும் தருவார்கள். பச்சைப் புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். மருந்து கொடுத்த தேதி, எடை, சோதனை முடிவுகள், அடுத்து வர வேண்டிய நாள் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து, பூட்டிய கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் தொலைந்தாலும், வெளியூரில் மாட்டிக்கொண்டாலும் அந்தப் படம் உதவும்.

அடுத்து இரத்தம் எடுப்பார்கள். நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை, இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, மஞ்சள் காமாலை பி மற்றும் சி, பால்வினை நோய்கள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் வியர்ப்பது என்ற நான்கையும் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். காசநோயைக் கண்டுபிடிப்பதற்கான கேள்விகள் இவை. வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிருக்கு அதிக ஆபத்து காசநோயால்தான் வருகிறது. அது இருந்து, தெரியாமல் கூட்டு மருந்தைத் தொடங்கினால், உடலின் எதிர்ப்பாற்றல் மீண்டு எழும்போது காய்ச்சலும் நெறிக்கட்டியுமாகத் திடீரென்று வெளிப்படும். காசநோய் இல்லை என்று தெரிந்தால், அது வராமல் தடுக்கும் மாத்திரைகளைச் சில மாதங்களுக்குத் தருவார்கள். சிடி4 எண்ணிக்கை 350-க்குக் கீழே இருந்தால் வேறு தொற்றுகளைத் தடுக்க இன்னொரு மாத்திரையும் சேரும். மூன்று வகை மாத்திரைகளைக் கையில் பார்த்ததும் நோய் முற்றிவிட்டது என்று கலங்க வேண்டாம்; இவற்றில் இரண்டு காலக்கெடு உள்ளவை.

4. மருந்தைத் தொடங்குவதும் தொடர்வதும்

சிடி4 குறையும்வரை காத்திருந்து மருந்து தொடங்கும் முறை இந்தியாவில் 2017-இலேயே கைவிடப்பட்டுவிட்டது. இப்போது எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், தொற்று உறுதியானவுடன் மருந்து உண்டு. உடலில் வேறு கடுமையான தொற்று இல்லையென்றால் அன்றே அல்லது ஒரு வாரத்துக்குள் தொடங்கிவிடுவார்கள். மூளைக்காய்ச்சல் அறிகுறிகள் இருந்தால் மட்டும் முதலில் அதைக் கவனித்துவிட்டுப் பிறகு தொடங்குவார்கள். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று எவர் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் தருவது ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது அது, டி.எல்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு முன்பும் சாப்பிடலாம், பின்பும் சாப்பிடலாம். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். சிலருக்குத் தூக்கம் கெடும். அவர்கள் காலை வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். முதல் சில வாரங்களில் தலைவலியும் குமட்டலும் வந்து போகலாம். நாளடைவில் எடை கூடுவதும் உண்டு. ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள்.

மற்ற மருந்துகளோடு இந்த மாத்திரை எப்படிச் சேரும் என்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். வயிற்றெரிச்சலுக்கு வாங்கிக் குடிக்கும் அமில முறிவு மருந்துகளில் அலுமினியமும் மக்னீசியமும் உண்டு. அவை டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். எனவே அவற்றைக் குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, குடித்து ஆறு மணி நேரம் கழித்தோதான் இந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதனுடன் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. உணவோடு என்றால் சேர்த்துச் சாப்பிடலாம். கர்ப்பிணிகளுக்கு இவ்விரண்டையும் தவறாமல் தருவதால் அவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அளவை மருத்துவரிடம் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் தனியாக இன்னொன்று தருவார்கள். மூட்டுவலி, முதுகுவலி என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் டெனோஃபோவிருடன் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்; அவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடராதீர்கள்.

மருந்துப் புட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது மாத்திரைகள் ஒரு பிளாஸ்டிக் புட்டியில் வரும்; பையில் வைத்து நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பாரோ என்ற அச்சத்தில் பலர் மையத்தின் வாசலிலேயே மாத்திரைகளைக் காகிதத்தில் கொட்டி மடித்துக்கொண்டு போகிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை விட்டுப் பிரிந்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் மாத்திரை கெட்டுவிடும். மேலே ஒரு துண்டுப் பஞ்சை வைத்து மூடுங்கள், சத்தம் நின்றுவிடும். லேபிளை மறைக்க வேண்டுமென்றால் மேலே வெள்ளைக் காகிதம் ஒட்டுங்கள். காலாவதித் தேதி மட்டும் தெரியட்டும். அடுத்த முறை செல்லும்போது மீதமுள்ள மாத்திரைகளோடு புட்டியைக் கொண்டு போக வேண்டும், எண்ணிப் பார்ப்பார்கள்.

தொடக்கத்தில் குறைந்த நாட்களுக்கு மட்டும் மருந்து கொடுத்து, பக்க விளைவு பார்க்க அழைப்பார்கள். பிறகு மாதம் ஒரு முறை. உடல்நிலை சீரானதும் இரண்டு, மூன்று மாதங்களுக்குச் சேர்த்துத் தருவது உண்டு. நீங்களாகக் கேட்டால்தான் சில இடங்களில் நினைவுபடுத்திக்கொள்வார்கள், ஆகவே கேளுங்கள். தூரத்து ஊர்களில் இருப்பவர்களுக்குத் தாலுகா மருத்துவமனைகளில் இணைப்பு மையம் இருக்கிறது. நிலை சீரான பிறகு உங்கள் பெயரை அங்கே மாற்றித் தரும்படி கேட்கலாம். அந்தத் தாலுகா மருத்துவமனையில் சொந்தக்காரர் யாராவது வேலை செய்தால் மாற்றிக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. தீபாவளி, பொங்கல் விடுமுறைகளைக் கணக்குப் பார்த்து, எப்போதும் ஒரு வார மருந்து கையிருப்பில் இருக்கும்படி முன்கூட்டியே செல்லுங்கள்.

5. எதற்குப் பணம் வேண்டும், எதற்கு வேண்டாம்

பரிசோதனை, கூட்டு மருந்து, சிடி4, வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவைப் பார்க்கும் சோதனை) நான்கும் அரசு மையத்தில் இலவசம். எவராவது இவற்றுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் கையிலிருந்து போவது பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும்தான். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே பெரிய செலவு என்பதால்தான் பல மாத மருந்தைச் சேர்த்து வாங்கச் சொன்னேன். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏ.ஆர்.டி. மையத்துக்குச் சிகிச்சைக்காகச் செல்பவர்களுக்கு இரயிலில் இரண்டாம் வகுப்பில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழில் நோயின் பெயர் இருக்கும், பயணச்சீட்டு வழங்கும் இடத்தில் அதைக் காட்ட வேண்டும். அது உங்களுக்குச் சம்மதமா என்று யோசித்து வாங்குங்கள். காசநோயும் சேர்ந்து இருந்தால் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். காசநோய்ப் பிரிவில் கணக்கு விவரம் கொடுத்திருக்க வேண்டும்.

பணம் உண்மையில் வீணாகும் இடம் வேறு. எச்.ஐ.வி.யை முற்றிலும் குணப்படுத்துவதாகச் சொல்லிச் சூரணமும் லேகியமும் விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடை செய்கிறது. அந்தப் பட்டியலில் முதல் நோயே எய்ட்ஸ்தான். ஏ.ஆர்.டி.யை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடு என்று சொல்பவர் உங்கள் உயிரோடு விளையாடுகிறார். நகையை அடகு வைத்து அங்கே கொடுத்துவிட்டு, எழுந்து நடக்க முடியாத நிலையில் மையத்துக்குத் தூக்கி வரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போதும் அவர்கள் முகம் நினைவுக்கு வருகிறது.

6. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது

முதல் வாரத்தில் எவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்ற நெருக்கடியை உங்கள்மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் ஒருவராவது தெரிந்திருப்பது நல்லது: நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும்போது பச்சைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் மருந்து வாங்கி வரக்கூடிய ஒருவர். அது அண்ணனாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், நம்பகமான நண்பராகவும் இருக்கலாம். வீட்டில் பாத்திரம், படுக்கை, குளியலறை எதையும் பிரிக்கத் தேவையில்லை. தொடுவதாலும் ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் கொசுக்கடியாலும் இது பரவாது. சவரக் கத்தியையும் பல் துலக்கும் தூரிகையையும் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இது எல்லோருக்கும் பொருந்தும் வழக்கம்தான்.

கணவன் அல்லது மனைவியின் நிலை வேறு. அவருக்கும் சோதனை வேண்டும், தாமதிக்கக் கூடாது. எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் ஆலோசகரிடம் அழைத்துச் சென்று அவர் முன்னிலையில் சொல்லலாம்; பெரும்பாலும் அதுவே நல்லபடியாக முடிகிறது. சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நியாயமான அச்சம் உங்களுக்கு இருந்தால் அதை ஆலோசகரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அத்தகைய நிலையில் உங்கள் பாதுகாப்பைக் கருதி நடக்கச் சட்டமே இடம் தருகிறது. கணவரிடமிருந்து தொற்று வந்தும், பரிசோதனை முதலில் தனக்கு நடந்த ஒரே காரணத்தால் பழி முழுவதையும் சுமக்கும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு மிகவும் தேவை.

தூக்கமின்மையும் வாழ்வே முடிந்தது என்ற எண்ணமும் முதல் மாதங்களில் பலருக்கு வரும். 14416 என்ற மனநல உதவி எண் இரவிலும் இயங்குகிறது. அங்கே தமிழில் பேசலாம். உங்கள் மாவட்டத்தில் தொற்றுடன் வாழ்பவர்களின் கூட்டமைப்பு இருக்கிறதா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். பதினைந்து ஆண்டுகளாக மருந்து சாப்பிட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, வேலைக்குப் போய் வரும் ஒருவரோடு அரை மணி நேரம் பேசுவது எந்த மாத்திரைக்கும் குறைந்ததில்லை.

7. குழந்தை வேண்டும் என்றால்

தாய்க்கு முறையான சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம்; சிகிச்சை இருந்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆகவே திருமணமும் மகப்பேறும் முடிந்துபோன கனவுகள் என்று எண்ண வேண்டாம். கருத்தரிக்க முயலும்முன் வைரல் லோடு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். கர்ப்பமானதும் ஏ.ஆர்.டி. மையத்துக்கும் மகப்பேறு மருத்துவருக்கும் உடனே சொல்லுங்கள். பிரசவம் நடக்கும் மருத்துவமனைக்குப் பச்சைப் புத்தகம் கட்டாயம் போக வேண்டும். பிறந்தவுடன் குழந்தைக்குத் தடுப்பு மருந்து தொடங்குவார்கள், ஆறு வாரத்தில் முதல் சோதனை, பதினெட்டு மாதத்தில் உறுதிச் சோதனை. ஊர்ப் பயணம், பிறந்த வீட்டுச் சடங்கு என்று ஆறாவது வாரச் சோதனையைத் தவற விடுபவர்கள் அதிகம். அந்தத் தேதியை இப்போதே குறித்துவிடுங்கள்.

முன்பே பிறந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு முறை சோதனை செய்யுங்கள். தொற்றால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழ்நாட்டில் 2009-இல் அரசு தொடங்கிய அறக்கட்டளை ஒன்று உண்டு. பெற்றோரை இழந்த குழந்தைகளும் இதன் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகின் வழியாகச் செல்லும்.

8. வைரல் லோடு: கேட்டு வாங்க வேண்டிய ஒரு முடிவு

மருந்து வேலை செய்கிறதா என்பதை உங்கள் முகத்தையோ எடையையோ பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை வைரஸ் பிரதிகள் இருக்கின்றன என்று பார்க்கும் வைரல் லோடு சோதனைதான் சொல்லும். மருந்து தொடங்கி ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை என்பது கணக்கு. மாதிரி வேறு ஊர் ஆய்வகத்துக்குச் செல்வதால் முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். முடிவு வந்ததா என்று ஒவ்வொரு வருகையிலும் கேளுங்கள்; புத்தகத்தில் எண்ணை எழுதி வாங்குங்கள். வெளியில் இதே சோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

1,000-க்கு மேல் வந்தால் அஞ்ச வேண்டாம். மருந்து தவறியதா, வேறு மருந்து குறுக்கே வந்ததா என்று ஆலோசகர் கேட்டு, சில மாதங்கள் ஒழுங்காகச் சாப்பிட வைத்து மீண்டும் சோதிப்பார்கள். அப்போதும் குறையாவிட்டால்தான் மருந்து மாற்றம். அங்கே உண்மையைச் சொல்லுங்கள். தவறிய வேளைகளை மறைத்தால், நல்ல மருந்தை வீணாக மாற்றிவிட நேரும்.

வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அதே நிலை தொடர்ந்தால், உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்று செல்லாது. இது இன்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. இருந்தாலும் மற்ற பால்வினை நோய்களைத் தடுக்க ஆணுறை உதவும். முடிவு எப்படி இருந்தாலும் இரத்த தானம் மட்டும் இனி செய்யக் கூடாது.

9. வேறு மருத்துவமனையில் மறுத்தால்

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது; ஒப்புதல் இல்லாமல் உங்கள் நிலையை வெளியிடக் கூடாது; சிகிச்சை, வேலை, கல்வி, வாடகை வீடு ஆகியவற்றில் இதைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது. வேலைக்கோ சிகிச்சைக்கோ எச்.ஐ.வி. சோதனையை முன்நிபந்தனையாக வைப்பதும் தடை செய்யப்பட்டதே.

நடைமுறையில் நிகழ்வது என்னவென்றால், தனியார் மருத்துவமனைகள் வெளிப்படையாக மறுப்பதில்லை. "எங்களிடம் வசதி இல்லை, பெரிய இடத்துக்குப் போங்கள்" என்பார்கள். எனக்குப் பல் பிடுங்கும் சிறு வேலைக்கே ஒரு மருத்துவமனையில் அந்தப் பதில் கிடைத்தது. அப்போது செய்ய வேண்டியது, காரணத்தை எழுத்தில் கேட்பது. எழுத்தில் கேட்டவுடன் பாதி இடங்களில் பேச்சு மாறும். மாறாவிட்டால் சீட்டு, தேதி, பேசியவரின் பதவி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு முதலில் அந்த நிறுவனத்தின் புகார் அலுவலரிடம் கொடுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவமனையில் அப்படி ஒருவர் இருக்க வேண்டும். அதன் பிறகு மாநிலத்துக்கென உள்ள குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அவர் முப்பது நாட்களுக்குள் ஆணையிட வேண்டும், அவசர சிகிச்சை தொடர்பானது என்றால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள். வழக்கறிஞர் தேவைப்பட்டால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். நீதிமன்றத்தில் உங்கள் பெயரை மறைத்துப் புனைபெயரில் வழக்கு நடத்தக் கோரலாம். கணவர் இறந்த பின் சொத்தில் பங்கு மறுக்கப்படும் பெண்கள் இதைக் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும்.

10. வேலை, வெளிநாடு, காப்பீடு

உள்ளூர் வேலையைப் பொறுத்தவரை உங்கள் மேலாளரிடம் சொல்ல வேண்டிய கடமை எதுவும் இல்லை. மாதம் ஒரு விடுப்புக்குத் தொடர் சிகிச்சை என்று மட்டும் சொன்னால் போதும்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வது வேறு கதை. வேலை விசாவுக்கு அங்கே எச்.ஐ.வி. சோதனை கட்டாயம், தொற்று இருந்தால் தகுதி இல்லை என்று நிராகரிப்பார்கள். நம் நாட்டுச் சட்டம் அங்கே செல்லாது. பணம் கொடுத்தால் தகுதிச் சான்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜெண்டுகளை நம்பாதீர்கள். அங்கே இறங்கியதும் மீண்டும் சோதிப்பார்கள், முடிவு தெரிந்ததும் திருப்பி அனுப்புவார்கள். கடன் மட்டும் உங்கள் தலையில் நிற்கும். ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்துகொண்டு, வீட்டிலிருந்து மருந்தைப் பார்சலில் வரவழைப்பவர்கள் சுங்கச் சோதனையில் சிக்கும் ஆபத்தையும், மருந்து நின்றுபோகும் ஆபத்தையும் ஒருசேரச் சுமக்கிறார்கள்.

காப்பீட்டு விண்ணப்பத்தில் நேரடியாகக் கேட்டால் பொய் எழுதாதீர்கள். பிற்பாடு இழப்பீடு கேட்கும்போது குடும்பம்தான் தவிக்கும்.

11. ஊர் மாறும்போது

வேலைக்காகவோ திருமணமாகியோ வேறு மாவட்டத்துக்கு, வேறு மாநிலத்துக்குப் போக நேர்ந்தால் மருந்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே உங்கள் மையத்தில் சொல்லி, மாற்றுச் சீட்டு வாங்குங்கள். அதில் உங்கள் எண், தொடங்கிய தேதி, இப்போதைய மருந்து, கடைசி சிடி4, வைரல் லோடு எல்லாம் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். வழியில் செலவாகும் நாட்களுக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். புதிய மையத்தில் புதுப் பதிவாகப் போடாமல் மாற்றமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் பழைய சிகிச்சை வரலாறு முழுவதும் விடுபட்டுப்போகும்.

சில நாட்களுக்கு மட்டும் வெளியூர் போய் மருந்து தீர்ந்துவிட்டால், அருகில் உள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் பச்சைப் புத்தகத்தையோ அதன் படத்தையோ காட்டி, ஊர் திரும்பும்வரைக்கான மாத்திரைகளைக் கேளுங்கள். எந்த மையம் என்று தெரியாவிட்டால் மருந்து தீர்வதற்கு இரண்டு நாள் முன்பே 1097-ஐ அழைத்துக் கேட்டுவிடுங்கள்.